பிரபுவின் வீட்டில் இருந்த பெண்கள்

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு பிரபுவின் மாளிகையில். நான் தங்கியிருந்த வெம்பிளியிலிருந்து இரண்டு பஸ் மாறி, நகரம் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் இறங்க வேண்டும். பிரபுவின் குடும்பம் எப்போதோ போய்விட்டிருந்தது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் காயம்பட்ட சிப்பாய்களை அங்கே வைத்துப் பார்த்தார்களாம். நான் போனபோது அது மனநோயாளிப் பெண்களுக்கான ஆஸ்பத்திரி. நடன மண்டபத்தில் இருபது கட்டில்கள். கூரையில் பொன்முலாம் பூசிய திராட்சைக் கொடிகள். கீழே மூத்திர நாற்றம். அதைக் கழுவித் துடைப்பது என் வேலை.

அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். நான் கட்டில் விரிக்கும்போது மட்டும் மறுபக்கம் வந்து நின்று விரிப்பைப் பிடிப்பார். அவர் மடித்த மூலை என்னுடையதைவிட நேர்த்தியாக இருக்கும்.

ஒருநாள் லிப்ட் பழுதாகிவிட்டது. பெரிய படிக்கட்டையும் திருத்துவதற்காகப் பலகை கழற்றிப் போட்டிருந்தார்கள். மேல்மாடிக்கு மதியச் சாப்பாட்டை எப்படிக் கொண்டுபோவது என்று தட்டுகளோடு நின்றேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், மரப்பலகை பதித்த சுவரை உள்ளங்கையால் தள்ளினார். சுவர் கதவாகத் திறந்தது. உள்ளே ஒடுங்கிய கல்படி. இரண்டு வருடமாக அந்தச் சுவரைத் துடைத்தவள் நான்.

“இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“நான் இந்த வீட்டு வேலைக்காரி. பதினைந்து வயதில் வந்தேன். பெரிய படியில் ஏற எங்களை விடமாட்டார்கள்.”

நோயில் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். வார்டுக்குப் பொறுப்பான தாதி எங்கள் ஊர்ப்பக்கத்து அக்கா. அவரிடம் சொன்னேன். அவர் அறைக் கதவைச் சாத்தினார்.

“அது உண்மைதான் பிள்ளை. பைலிலை கிடக்கு. கலியாணம் கட்டாமல் வயித்திலை பிள்ளை வந்திட்டுது. பிறந்த பிள்ளையை ஆருக்கோ குடுத்திட்டு, அவவை வேறொரு பைத்திய ஆஸ்பத்திரியிலை போட்டிருக்கினம். பிறகு இந்த வீடு ஆஸ்பத்திரியானதும் இஞ்சை மாத்தியிருக்கினம்.”

“அப்ப அவவுக்கு என்ன வருத்தம், என்ன நோய்?”

“அங்கை கொண்டுபோய்ப் போடேக்கை ஒரு வருத்தமும் இல்லை. இவ்வளவு காலம் பூட்டி வைச்சால் ஆருக்குத்தான் வராது?”

மானத்துக்குப் பயந்து பெண்ணை மறைக்கிற வேலை எங்கள் ஊரோடு நின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன். இங்கே ஐம்பது வருடத்துக்கு மேல் ஒருத்தியை மறைத்திருக்கிறார்கள், அதுவும் கடைசியில் அவள் தூசு தட்டிய வீட்டுக்குள்ளேயே.

சில நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு ஒருநாள் கேட்டேன்: “பிள்ளை ஆணா, பெண்ணா?”

“அழுகைதான் கேட்டது” என்றார். “காட்டவில்லை.”

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியை மூடினார்கள். அவரையும் வேறு மூன்று பெண்களையும் உள்ளூர் கவுன்சில் ஒரு சிறிய வீட்டில் வைத்தது. ஞாயிறுகளில் போய்ப் பார்த்தேன். தன் அறைச் சாவியை எனக்குக் காட்டுவார், பூட்டுவார், திறப்பார். இரண்டு வருடத்தில் இறந்துபோனார். செத்தவீட்டுக்கு நானும் அக்காவும் அந்தக் கவுன்சில் வீட்டுப் பணிப்பெண்ணும் மட்டும்தான் போனோம்.

அதன்பிறகு மாளிகையைப் பிரித்துப் பிளாட்டுகளாக விற்றார்கள். வீடு தேடிக்கொண்டிருந்த என் தம்பி, எந்த இடம் என்று சொல்லாமல் என்னையும் பார்க்கக் கூட்டிப்போனான். வாசலில் இறங்கியபோதுதான் கண்டுகொண்டேன். விற்க வந்த இளம்பெண் கூரையைக் காட்டிச் சரித்திரம் சொன்னாள்: பிரபு, விருந்துகள், யுத்தம், சிப்பாய்கள்.

“அதற்குப் பிறகு?” என்று கேட்டேன்.

“அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் காலியாகக் கிடந்தது” என்று சிரித்தாள்.

காருக்கு வந்த பிறகுதான் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“உண்மையோ அக்கா?”

“ஓம்.”

அவன் கார்ச் சாவியைக் கையில் வைத்தபடி இருந்தான். நெடுநேரம் காரை எடுக்கவில்லை.