என்டர் தட்டினால் எலும்புக்கூடு வரும்

மென்பொருள் எழுதுகிற எங்கள் தொழிலில், எழுதுவதைவிடத் தொடங்குவதுதான் பெரிய கரைச்சல். அதனால் நானும் தனுஜாவும் கிளிநொச்சியில் ரெண்டு மேசை போட்டுக் கந்தோர் திறந்த கையோடு ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டோம். ஒரு கட்டளை அடித்தால் போதும், புதுச் செயலிக்கு வேண்டிய கோப்புகளையும் பக்கங்களையும் எலும்புக்கூடாக அடுக்கித் தந்துவிடும். பிறகு பட்டதை, இதே தொழிலில் பாடு படுகிற உங்களிடம் சொல்லித்தான் ஆற வேண்டும்.

கூடு

புதுக்குடியிருப்பு அரிசி ஆலை முதலாளிக்கு முன்னால் கருவியை ஓடவிட்டேன். திரையில் எழுத்துகள் மழை மாதிரிக் கொட்டின. முதலாளி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது வெறும் கூடுதான் ஐயா. உள்வேலைக்கு ரெண்டு மாதம் வேணும்" என்றேன்.

அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "கூட்டுக்கு அரை நிமிசம், உள்ளுக்கு ரெண்டு மாதமோ? அப்ப எனக்குக் கூடு நாலு தாங்கோ."

நீலச் சேட்டு

முள்ளியவளையில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கும் மலர் அக்காவுக்கு இணையக் கடை செய்தோம். மாதிரிக்கென்று, உடுப்புக் கடையில் தொங்குகிற மாதிரி ஒரு நீலச் சேட்டின் படத்தையும் கருவி வைத்துத் தரும். தீவனப் படங்களை ஏற்றிய தனுஜா அதை அழிக்க மறந்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் அக்கா போன் எடுத்துச் சேட்டுக் கதையைத் தொடங்கினா. மன்னிப்புக் கேட்டு, இப்பவே எடுத்துவிடுகிறேன் என்றேன்.

அவா பதறிப்போனா. "ஐயோ தம்பி, எடுத்துப்போடாதேங்கோ! வந்த ஓடர் முழுக்க அதுக்குத்தான். வவுனியாவில சேட்டுக்குச் சொல்லிவிட்டிட்டன்."

யானை

ஒட்டுசுட்டானில் வயலும் தோட்டமும் செய்கிற கமக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. யானை வந்தால் ஒருவர் பொத்தானை அமத்த, மற்ற எல்லாருடைய போனும் அலற வேண்டும். கூட்டைப் போட்டுக் கெதியாகச் செய்து கொடுத்தோம். கந்தோரில் நன்றாக அலறியது.

பிறகு ஒருநாள் இராசு அண்ணை, அந்தக் கமக்காரரில் ஒருவர், நேரே கந்தோருக்கு வந்தார். பின்னேரம் அவருடைய வாழைத் தோட்டத்துக்குள் யானை. ஓடிப்போய்ச் செயலியைத் திறந்திருக்கிறார். கருவி தானாகச் சேர்த்திருந்த பக்கம் வந்து, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டிருக்கிறது. 'மறந்துவிட்டது' என்ற பொத்தானை அமத்தினாராம். ஈமெயிலைப் பார்க்கச் சொன்னதாம். அதற்குள் யானை வாழையை முடித்துக்கொண்டு போய்விட்டது.

அண்ணை ஏசவில்லை. தனுஜா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "யானை என்னை ஆரெண்டு கேக்கேல்லைத் தம்பி. உங்கட சாமான்தான் கேட்டது."

தொடங்குவதற்குக் கருவி இருக்கிறது. கமக்காரர் வீடுவீடாகப் போய் மன்னிப்புக் கேட்க மட்டும் நாங்கள்தான் மோட்டார் சைக்கிள் ஏற வேண்டியிருக்கிறது.