தினம் ஒரு வேளை

லெமாய் மருந்தாளுநராக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படிப்பதுதான் பாதி வேலை. ரெஜாங் ஆற்றங்கரையிலிருந்த அந்த ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எல்லோரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவள் அவள்தான். இனிமேல் எழுத்துப் புரியாமல் மருந்து மாறிப்போகாது என்று கணவனிடம் பெருமையடித்துக்கொண்டாள். எழுத்துப் புரிந்தது. தவறு வேறு வாசல் தேடிக்கொண்டது.

மிளகு பறிக்க ஏணியில் ஏறிய ஜாபு என்ற பெரியவர் விழுந்து, தொடையெலும்பு முறிந்து வந்து சேர்ந்தார். அவருக்கு ஏற்கெனவே மூட்டுவாதம். அதற்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மஞ்சள் மாத்திரைகளை வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிட்டு வந்தார். வாரம் ஒருமுறை என்றால் அது மருந்து. தினமும் போனால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்தம் ஊறுவது நின்று, ஆளையே கொண்டுபோய்விடும்.

வார்டு டாக்டர் தியோங் சின்னப் பெண். மருந்தின் பெயரை அவள் தட்டியதுமே 'தினம் ஒரு வேளை' என்று திரை தானாக நிரப்பிக்கொண்டது. எச்சரிக்கைக் கட்டம் ஒன்றும் குதித்தது. காலையிலிருந்து வைட்டமின் மாத்திரைக்குக்கூட அப்படித்தான் குதித்துக்கொண்டிருந்தது. 'சரி' என்று அழுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். மருந்தகத்தில் அதைச் சரிபார்த்து அனுப்பியது லெமாய்.

மறுநாள் வேறொரு நோயாளியின் ஊசி விஷயமாக லெமாய் வார்டுக்குப் போனாள். நர்ஸ் ஹஸ்னி ஜாபுவின் கட்டிலருகே மாத்திரைக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். பெரியவர் சட்டையை மாட்ட முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். அந்தத் தாமதம் இல்லாவிட்டால் முழுங்கியிருப்பார்.

"ஹஸ்னி, இது நேத்தே குடுத்தாச்சே?"

"ஆமாக்கா. தினம்னுதானே ஸ்க்ரீன்ல இருக்கு? நீங்கதானே பாத்து அனுப்பினீங்க?"

லெமாய் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

தியோங் ஓடிவந்து பார்த்து அழுதேவிட்டாள். "சத்தியமா நான் தினம்னு போடலைக்கா. அதுவாப் போட்டுக்குச்சு."

"என் கண்ணையும் அதுவாத்தான் தாண்டிப் போயிருக்கு, டாக்டர். அழாதீங்க."

கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போய்ப் புஜாங்கைப் பிடித்தாள். அவன் கையை விரித்தான்.

"தானா நிரம்புற அந்தக் கட்டத்தை நான் தொடவே முடியாதுக்கா. தலைநகர்லதான் மாத்தணும். எழுதிப் போட்டிருக்கேன்."

"எப்ப மாத்துவாங்க?"

"மழை எப்ப நிக்கும்னு என்னைக் கேளுங்க, அதைக்கூடச் சொல்லிடுவேன்."

தலைநகரிலிருந்து பதில் வரத்தான் செய்தது. ஊழியர்கள் கவனமாக இருக்கவேண்டுமாம்.

"ஒண்ணும் ஆகலையே, எதுக்குப் பெரியவரைப் பயமுறுத்தணும்?" என்றார் மேலதிகாரி. ஆனால் வீட்டுக்குப் போகும் நாளில் ஜாபு, "நல்லா பாத்துக்கிட்டீங்க மகளே" என்று ஒரு பை மிளகை நீட்டியதும் லெமாயால் தாங்க முடியவில்லை. பையை வாங்காமல், நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டாள்.

பெரியவர் சிரித்தார். "நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்னு முழுங்கியிருப்பேன். வேறென்ன தெரியும் எனக்கு?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நேத்துதானே சாப்பிட்டாருன்னு அன்னைக்கே எனக்கும் தோணுச்சும்மா. கேட்டா திட்டுவீங்களோன்னு பேசாம இருந்துட்டேன்."

மிளகுப் பையைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு லெமாய் தினமும் காலையில் வேறெதையும் தொடுமுன் கம்ப்யூட்டரில் அந்த மருந்தின் பெயரைத் தேடி, யாருக்காவது தினமும் என்று விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். அது ஒரு மருந்துதான். தானாக நிரம்பும் கட்டங்கள் இன்னும் எத்தனை மருந்துகளுக்கு இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை, புஜாங்குக்கும் தெரியவில்லை.

அறுவடைப் பண்டிகைக்கு ஊருக்குப் போனாள். மூங்கிலில் சோறு வெந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் போனும் கையுமாக நின்றாள்.

"அக்கா, நீங்க லீவுல இருக்கீங்களா, ட்யூட்டியில இருக்கீங்களா?" என்று வார்டிலிருந்து போனில் சிரித்தாள் ஹஸ்னி.

"புதுசா யாராவது சேந்திருக்காங்களா?"

"நாலஞ்சு பேரு."

"யாருக்காவது மூட்டுவாதம்?"

"பாக்கறேன்க்கா, இருங்க" என்றாள் ஹஸ்னி. யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. லைன் அறுந்துபோனது. லெமாய் மறுபடி எண்ணை அழுத்தினாள். யாரும் எடுக்கவில்லை.