‘இந்த வீட்டுல யாரு?’

1944-ஆம் ஆண்டு, ஆடி மாதம். ஜப்பான்காரன் ஆட்சி நடந்துகொண்டிருந்த நேரம். கோலாலம்பூர் செந்தூலில், ரயில்வே தொழிலாளர் லயத்தில் வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய பலகை வீடுகளில் ஒன்றில் நான் தனியாகக் குடியிருந்தேன். எனக்குப் புதுப்பெண் என்ற பெயர்கூட இன்னும் போகவில்லை. என் வீட்டுக்காரர் தண்டவாளம் செப்பனிடும் கூட்டத்தில் வேலை பார்த்தவர். முந்தின வருஷம் அவரையும் அவரோடு வேலை செய்தவர்களையும் கூட்ஸ் வண்டியில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிற வேலை. மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். மூன்று மாதமும் போய், ஒரு வருஷமும் போய்விட்டது. கடுதாசி இல்லை, தகவல் இல்லை. எங்கள் வரிசையில் பாதி வீடுகளின் கதை இதுதான்.

லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகிற தேரைப் பார்த்தவர்கள் எங்கள் கோயில் தேரைப் பார்த்தால் சிரித்துவிடுவார்கள். மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆனால் ரயில்வே பட்டறைத் தச்சர்கள் கழித்துப்போட்ட தண்டவாளச் சிலிப்பர்க் கட்டைகளை இழைத்து இழைத்துச் செய்த தேர் அது. கோயிலும் அப்படி வந்ததுதான். ரயில் போட வந்தவர்கள் மரத்தடியில் ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டார்கள். பிறகு சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சுவர் எழுப்பினார்கள், கூரை போட்டார்கள்.

அதனாலோ என்னவோ, எங்கள் அம்மனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய கோயில் சாமிபோல வீதியைச் சுற்றிவிட்டுப் போகமாட்டாள். ஆடித் திருவிழாவில் லயத்தின் ஒவ்வொரு வாசலிலும் தேர் நிற்கும். தேர்மேல் இருக்கும் பூசாரி, “இந்த வீட்டுல யாரு?” என்று சத்தமாகக் கேட்பார். வீட்டு ஆண்பிள்ளை தட்டோடு முன்னே வந்து தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்வார். அந்தப் பெயருக்கு அர்ச்சனை நடக்கும். பதில் வராத வீட்டைத் தாண்டித் தேர் போய்விடும். அந்த வருஷம் அந்த வீட்டை அம்மன் பார்க்கவில்லை என்று பேசிக்கொள்வார்கள்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. இந்த வருஷம் தேர் கோயிலை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும், லயத்துக்கு வராது என்று திடீரென்று பேச்சு கிளம்பியது. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கோயில் தலைவரைப் பார்க்கப் போனோம். அந்த அக்காவின் வீட்டுக்காரரும் என்னவரோடு அதே வண்டியில் ஏற்றப்பட்டவர். அக்கா ஆள் வாட்டசாட்டம். வாயும் அதற்கு ஏற்றபடி இருக்கும்.

தலைவர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். “கூட்டம் சேந்தா லோரியக் கொண்டாந்து நிறுத்திடுறான்மா. இருக்குற நாலு ஆம்பளையையும் சயாமுக்கு அள்ளிட்டுப் போயிட்டா யாரு பதில் சொல்றது?” என்றார்.

அதில் நியாயம் இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் திரும்பி வந்திருப்பேன். ஆனால் அவர் விடவில்லை. “அதுவுமில்லாம, உங்க வரிசையில இப்ப யாரு இருக்கா? எந்த வாசல்ல நின்னு யாரு பேரச் சொல்றது?” என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். கல்யாணமான புதிதிலேயே என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால்தான், தெரிந்த அம்மாள் ஒருத்தி, “இன்னும் எத்தன நாளைக்குப் பூ வச்சிக்கிட்டு இருக்கப் போறே?” என்று என்னிடம் கேட்டிருந்தாள். அந்த ஆத்திரமும் உள்ளே இருந்தது.

“ஏன், நாங்க இல்லையா? காப்புக் கட்டியாச்சு. நடுவுல அம்மனப் பாத்து, இந்த வருசம் சும்மா உக்காருன்னு சொல்லுவீங்களா? ஆம்பளைங்க யாரும் வெளிய வரவேணாம். நாங்க தேர இழுக்குறோம்” என்றேன்.

“பொம்பளைங்க தேர் வடத்தத் தொடுறதா?” என்று அவர் திகைத்தார்.

“தண்டவாளத்துல கல்லு கொட்ட ஜப்பான்காரன் எங்களத்தான் கூப்பிடுறான். அப்ப யாரும் பொம்பளைன்னு பாக்கலையே” என்றார் அக்கா.

தலைவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி வயசானவர், அதிகம் பேசாதவர். விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே, “அம்மாளும் பொம்பளதானே” என்றார். தலைவர் கையை விரித்துவிட்டார். ஏதாவது ஆனால் தன்னிடம் வரக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துகொண்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளிக்கிழமைதோறும் செய்துகொண்டுதான் இருந்தோம். அதிலும் ஒரு சங்கடம். அந்தக் காலத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சின்ன வயசிலேயே பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் நானும் அக்காவும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். என் வீட்டுக்காரர் பெயரை அக்கா சொல்வார், அக்கா வீட்டுக்காரர் பெயரை நான் சொல்வேன். ஆனால் வாசல் விஷயம் வேறு. அங்கே வீட்டு ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், இந்த வீட்டில் ஆளில்லை என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி. இதையெல்லாம் அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. தேர் என் வாசலில் வந்து நின்றால் போதும், என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறவர்களின் கணக்கில் இருப்பார் என்று ஒரே பிடியாக இருந்தேன்.

அம்மனுக்குச் சார்த்தப் புதுப்புடவை கிடையாது. ஊரே கோணியைக் கட்டிக்கொண்டு திரிந்த நேரம். மரவள்ளிக்கிழங்குக்குக்கூட மாற்றாமல் பெட்டியில் வைத்திருந்த என் கூறைப்புடவையைக் கொடுத்தேன். வேலியோரம் பூத்த செம்பருத்திதான் மாலை. சமையலுக்கு வைத்திருந்த செம்பனை எண்ணெயில் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து தேர் அச்சில் ஊற்றினோம்.

தேரன்று மத்தியானம் வடத்தைப் பிடித்தோம். தேர் அசையவில்லை. திரும்பவும் இழுத்தோம், அசையவில்லை. கிழங்கு தின்ற உடம்பு, எவ்வளவுதான் இழுக்கும்? கோயிலைச் சுற்றியிருந்த வீடுகளின் ஜன்னல்களில் ஆண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, “என்னடி, வடத்தப் பிடிச்சிக்கிட்டு ஊஞ்சலா ஆடுறீங்க? ஒரே மூச்சா இழுங்கடி!” என்று ஒரு சத்தம் போட்டார். எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு இழுத்த இழுப்பில் தேர் ஒரு முனகலோடு நகர்ந்தது.

முதல் திருப்பத்திலேயே தேர் லோங்காங் பக்கம் சாய்ந்துகொண்டு போனது. நல்லவேளை, சக்கரம் அந்தச் சாக்கடையில் இறங்குவதற்குள் அக்கா கட்டையைச் செருகிவிட்டார். அதற்குப் பிறகுதான் எந்தப் பக்கம் இழுத்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்பது எங்களுக்குப் புரிந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. வலியை யாரும் வெளியே சொல்லவில்லை.

லயத்துக்குப் போக ரயில்வே கேட்டைக் கடக்க வேண்டும். அங்கே துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய் எப்போதும் நிற்பான். கடந்து போகிறவர்கள் எல்லாரும் இடுப்பு வளைய அவனுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். சைக்கிளில் வந்தாலும் வண்டியில் வந்தாலும் இறங்கித்தான் ஆகவேண்டும். வளைந்தது போதவில்லை என்றால் கன்னத்தில் விழும்.

தேரை நிறுத்தினோம். எல்லாரும் குனிந்தோம். “செமுவா தூருன்!” என்று கத்தினான். எல்லாரும் இறங்கு என்று அர்த்தம். பூசாரி கீழே இறங்கிக் குனிந்தார். சிப்பாய் அதோடு விடவில்லை. செம்பருத்தி மாலைக்குள் பாதி மறைந்து உட்கார்ந்திருந்த அம்மனைத் துப்பாக்கிமுனையால் காட்டி, “தூருன்!” என்றான்.

கோயிலை விட்டுக் கிளம்பிய அம்மனைத் திரும்பிப் போகும்வரை தரையில் வைக்கக் கூடாது. வைத்தால் திருவிழா அங்கேயே முறிந்த மாதிரி. வடத்தின் முன்னால் நின்றது நான். எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதான் கடைத்தெரு மலாயில், இது எங்கள் தாய், வீடு போகும்வரை இறக்கக் கூடாது என்று சொன்னேன். வடத்தை விடவில்லை.

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. காது கொய்யென்றது. பிறகு அவன் தேரைச் சுற்றி வந்தான். துப்பாக்கிமுனையால் மாலையை ஒதுக்கினான். என் கூறைப்புடவைக்குள் மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்த அம்மன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஓரடி பின்னால் வந்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போ என்று கையைக் காட்டினான். பயந்தானா, மதித்தானா, இல்லை இந்தப் பெண்களோடு மல்லுக்கு நிற்க அவனுக்குச் சலிப்பாக இருந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் எனக்கு ஆசையில்லை. அவன் இனத்தார் கொண்டுபோனவர்களில் எத்தனையோ பேர் இன்னும் வந்து சேரவில்லை.

தேர் கேட்டைக் கடந்து எங்கள் வரிசைக்குள் நுழைந்தது. ஆண்கள் இருந்த வீடுகளில் அவர்கள் கதவுக்குள்ளிருந்தே பெயரைச் சொன்னார்கள். அடுத்தது என் வாசல். தேர் நின்றது. நான் வடத்தை விட்டுவிட்டு ஓடிப்போய், இரண்டு வாழைப்பழமும் ஒரு கற்பூரமும் வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

“இந்த வீட்டுல யாரு?” என்று பூசாரி கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதில் சொல்ல என்னைத் தவிர யாருமில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்ற அக்கா என் தவிப்பைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை பழக்கத்தில் வாயைத் திறந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சொன்னால் அவர் ஆயுசு குறைந்துவிடுமோ என்று ஒரு பயம். சொல்லாவிட்டால் அவர் இல்லையென்றே ஆகிவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். அறை வாங்கிய கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தேரை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது வாய் மூடி நிற்கவா என்று எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

என் வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னேன். முணுமுணுக்கவில்லை, லயமே கேட்கும்படி சொன்னேன். “ரோகிணி நட்சத்திரம். சயாமுக்கு வேலைக்குப் போயிருக்காரு. வந்துடுவாரு” என்றேன்.

பூசாரி ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெயரைச் சொல்லி, நிதானமாக, ஒரு மந்திரத்தையும் விழுங்காமல் அர்ச்சனை செய்தார். என் கண்ணில் நீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை, தட்டு இருந்தது.

அடுத்த வாசல் அக்காவுடையது. பூசாரி கேட்டு முடிப்பதற்குள் அக்கா தன் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிவிட்டார். என் குரலைவிட அவர் குரல் பெரிது. அதற்கடுத்த வீட்டிலும் ஒரு பெண் குரல், அதற்கடுத்த வீட்டிலும். அன்றைக்கு எங்கள் வரிசையில் ஒரு வாசலைக்கூடத் தாண்டாமல் தேர் நின்று நின்று போய், இருட்டுவதற்கு முன் கோயில் சேர்ந்தது.

1945 கடைசியில் என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு, வாசலில் வந்து நின்றார். நான் அவர் பெயரை ஊரே கேட்கச் சொன்ன கதையை அவருக்குச் சொன்னதே அக்காதான். அன்றிலிருந்து, “எனக்கு முன்னால ஒரே ஒரு தடவ சொல்லேன்” என்று என்னைச் சீண்டாத நாளில்லை. நான் சொன்னதில்லை. நேரில் இருக்கிற மனுஷரை எதற்குப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்?

அக்காவின் வீட்டுக்காரர் வரவில்லை. கூட இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், ஒருவர்கூட நேரில் பார்த்ததாகச் சொல்லவில்லை. திதி கொடுத்துவிடு என்று சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். “யாரு பாத்தா?” என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்து போய்விடுவார். வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்கு நான் வாயெடுத்தால், “வேணாம், நானே சொல்றேன்” என்பார்.

இப்போது தேரை இளவட்டங்கள் இழுக்கிறார்கள். வடத்தில் பெண்களும் கை வைக்கிறார்கள், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஒவ்வோர் ஆடியிலும் தேர் எங்கள் வாசலில் நிற்கும்போது என் வீட்டுக்காரர் தட்டோடு முன்னே போய்த் தன் பெயரைத் தானே சொல்வார். நான் அவருக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். உடனே அடுத்த வாசலில் அக்காவின் குரல், கொஞ்சமும் தளராமல், தன் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லும். வாயை மூடிக்கொண்டு நிற்கிற பாக்கியம் எனக்கு வாய்த்ததே என்று வருஷம் தவறாமல் எனக்கு உணர்த்துவது அந்தக் குரல்தான்.