தறிச் சத்தம் இல்லாத அறை

சங்கரன்கோவிலில் மாதாந்திரப் பராமரிப்புக்கென்று கரண்ட்டை நிறுத்தினால், கனடாவில் எனக்கு விழிப்பு வந்துவிடும். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் எழுதுகிறேன். இங்கே இரவு பதினொன்று என்றால் அம்மாவுக்குக் காலை எட்டரை. வீடியோ காலைப் போட்டு, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, விளக்கைக்கூட அணைக்காமல் படுப்பேன். அங்கே தறி நாடாவுக்கான ஊடைநூலைத் தாராகச் சுற்றும் இடத்தில் அம்மா தன் போனைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பாள். அப்பாவின் இரண்டு விசைத்தறிகளும் தடதடவென்று ஓடும். அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் கண் சொக்கும். சத்தம் நின்றால் தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடுவேன்.

முன்னறையில் தறி ஓட, உள்ளறையில் அம்மாவை ஒட்டிப் படுத்தே வளர்ந்தவள் நான். ஊரில் பொறியியல் படித்தபோது, இந்தச் சனியன் பிடித்த சத்தம் இல்லாமல் ஒரு நாளாவது தூங்க மாட்டோமா என்று எத்தனை முறை சலித்துக்கொண்டிருப்பேன்! மேற்படிப்புக்கு வந்த இடத்தில் கேட்டது கிடைத்தது. தனி அறை, தனிக் கட்டில், காதை அடைக்கும் அமைதி. முதல் வாரம் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அம்மாதான், "போனை அணைக்காம வையிட்டி, நான் இங்கனதான இருக்கேன்" என்றாள். அதில் தொடங்கியது வினை.

நூல் அறுந்து தறி நின்றால் விழிப்பு. யாராவது வந்து அம்மாவிடம் பேசினால் விழிப்பு. பகலில் காபிக்கு மேல் காபி, மதியம் நூலக மேசையில் தூக்கம். ஆய்வகத் தேர்வின் நடுவே தூங்கியே விட்டேன். அந்தப் பாடம் போயிற்று. இன்னொன்று போனால் படிப்பும் கிடையாது, விசாவும் கிடையாது என்று கடிதம் வந்தது. அழுதுகொண்டே மாணவர் நல ஆலோசகரிடம் ஓடினேன்.

லிண்டா என்ற அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"இரவு முழுக்க உங்கள் அம்மா உங்களைக் கண்காணிக்கிறாரா?"

"இல்லை, அவர் வேலை செய்கிறார்."

"நீங்கள் தூங்குவதைப் பார்த்தபடியா?"

ஆமாம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "வீட்டாரைக் கண்டு பயமா?" என்றார். அட கடவுளே! இவருக்கு என் அம்மாவை எப்படிப் புரியவைப்பேன்?

மதியத்துக்குப் பின் காபி கூடாது, பகல் தூக்கம் கூடாது, காலையில் வெளிச்சத்தில் நடக்க வேண்டும், தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், படுக்கையறைக்குள் போன் வரக்கூடாது என்று ஐந்து விதிகள் எழுதிக் கொடுத்தார். இங்கே என்னைப்போல் விழித்துக் கிடக்கும் பிள்ளைகளே, அவ்வளவும் சரிதான், செய்து பாருங்கள். முதல் நான்கையும் மறுநாளே பிடித்துக்கொண்டேன். ஐந்தாவதை அம்மாவிடம் சொல்ல எனக்கு எட்டு நாள் ஆயிற்று. "சரி மக்கா, படிப்புதான முக்கியம்" என்று சட்டென்று சொல்லிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கூப்பிட்டபோது அப்பா எடுத்தார். "ஒங்கம்மைக்கு வேலையே ஓடல. தாரைப் போட்டுட்டுப் போட்டுட்டுப் போனை எடுத்துப் பாக்கா" என்றார். அம்மா போனைப் பிடுங்கினாள். "அவுக கெடக்காக. நீ தூங்குத மூஞ்சியப் பாத்துக்கிட்டே தாரு சுத்திப் பழகிட்டுல்லா, அதான். நீ தூங்குதியாட்டி?"

"தூங்குதேம்மா" என்றேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. நேற்று ஏழு மணி நேரம் தூங்கினேன். ஆலோசகர் தந்த படிவத்தில் தூக்கத்துக்கு நேரே 'நன்று' என்று எழுதும்போது என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது. இன்றும் போனைச் சமையலறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே அம்மா இந்நேரம் போனை எடுத்துப் பார்ப்பாள். நான் தூங்கியாக வேண்டும்.