காணாமல் போன நீல வேகன்

கல்யாணத்துக்கு ஒரு ரயில் வாடகைக்குக் கிடைக்குமா என்று என் சித்தப்பா ஒருமுறை போனில் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. விருதுநகரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எண்பது பேர் சென்னைக்கு வர வேண்டியிருந்தது. "உங்க கம்பெனிலதான் ரயில் பெட்டி வாடகைக்கு விடுறீங்களாமே?" என்றார். எங்கள் பெட்டிகளில் ஜன்னல் கிடையாது, ஏறினால் புதுக் கார்களோடு கார்களாக நின்றுகொண்டுதான் வர வேண்டும் என்று விளக்கிய பிறகே விட்டார்.

எங்கள் கம்பெனி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு அறைகள், ஐந்து பேர். வேலைக்குச் சேர்ந்த அன்று, என்ன தொழில் செய்கிறோம் என்று முதலாளியிடமே கேட்டேன்.

"தண்டவாளம் கவர்மென்ட்டுது. இஞ்சினும் கவர்மென்ட்டுது. உள்ள கீற காரு, கார் கம்பெனிக்காரனுது. நடுவுல அந்தத் தகர டப்பா கீது பாரு, அது மட்டும் நம்முது" என்றார்.

அந்தத் தகர டப்பாக்களை வாங்குவது, கார் கம்பெனிகளுக்கு வருஷக்கணக்கில் வாடகைக்கு விடுவது, பழுது பார்ப்பது, ஒவ்வொன்றும் இன்று எந்த ஊரில் நிற்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது. கடைசி வேலை என்னுடையது. ஒவ்வொரு வேகனுக்கும் பதினோரு இலக்கத்தில் ஒரு எண் உண்டு. காலையில் வந்ததும் ரயில்வேயின் கணினியில் அந்த எண்களைத் தட்டித் தட்டிப் பார்த்து ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொள்வேன். திருமுல்லைவாயில் தாண்டி வடக்கே எதையும் பார்த்திராத எனக்கு வட இந்தியாவின் சின்னச் சின்ன ஸ்டேஷன்கள் எல்லாம் மனப்பாடம்.

முதலாளி பாடிக்காரர். அவருடைய அப்பா அங்கே அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்த நிலங்களில் தொழிற்சாலைகள் வந்தபோது, மகன் அவற்றுக்கு லாரி ஓட்டினார். பிறகு சொந்தமாக மூன்று லாரிகள் வாங்கி, புதுக் கார்களை ஏற்றி வடக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். கார் கம்பெனிகள் ரயிலுக்கு மாற ஆரம்பித்ததும் லாரிகள் ஷெட்டிலேயே நின்றன. மற்ற லாரிக்காரர்கள் புலம்பிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் அந்த ரயில் வேகன்கள் யாருடையவை என்று விசாரிக்கப் போனார். தனியாரும் வாங்கி வாடகைக்கு விடலாம் என்று தெரிந்ததும் லாரிகளை விற்று, இரண்டு நண்பர்களைக் கூட்டுச் சேர்த்து, முதல் ரேக்கை வாங்கினார். ஒரு ரயிலாகக் கோத்து ஓட்டும் வேகன் வரிசைக்கு ரேக் என்று பெயர். எல்லாவற்றுக்கும் நீல வண்ணம் அடித்து நடுவில் மஞ்சள் பட்டை போட்டார்.

அந்த ரேக் முதன்முதலாக ஓடிய நாளைப் பற்றி அவர் என்னிடம் சொன்னதில்லை. அக்காதான் சொன்னாள்.

அக்கா எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து டீ போடுகிறவள். லாரி ஷெட் காலத்திலிருந்தே அவரிடம் வேலை செய்கிறாள். பட்டாபிராமிலிருந்து தினமும் மின்ரயிலில் வருவாள். நாங்கள் எல்லோரும் 'சார்' என்னும்போது அவள் மட்டும் அவரை 'அண்ணாத்தே' என்பாள்.

"வண்டி கெளம்புச்சிமா. இவரு பைக்க எடுத்துகினு ரோட்ல அது கூடவே போறாரு. கைய வேற ஆட்றாரு. அதுல யாருமா கீறாங்க? எல்லாம் காருங்க!"

நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு வேகன் காணாமல் போனது.

வடக்கே கார்களை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அதன் சக்கரத்தில் ஏதோ கோளாறு. ரயில்வேயில் இப்படிப்பட்ட வண்டியை 'சிக்', அதாவது நோயாளி, என்பார்கள். அதை மட்டும் கழற்றி அங்கேயே நிறுத்திவிட்டு மற்றவை வந்துவிட்டன. பழுது பார்த்ததும் சென்னைப் பக்கம் வரும் ஏதாவது சரக்கு ரயிலில் கோத்து அனுப்பச் சொல்லி அந்த ஸ்டேஷனுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்தும் கணினியில் அது அதே ஊரில் நின்றது. போன் செய்தால், "அப்படி ஒரு வண்டி இங்கே இல்லை" என்றார்கள். இருக்கிறது என்றது கணினி. இல்லை என்றது போன்.

முதலாளி தானே கிளம்பிவிட்டார். அறுபது வயதில், சித்திரை வெயிலில், நான்கு நாள் அந்த ஊர் யார்டில் வரிசை வரிசையாக நடந்து தேடினார். திரும்பி வந்தபோது தொண்டை கட்டி, முகம் கறுத்துப் போயிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, "கெடைக்கலமா" என்றார். அவ்வளவுதான். ஒரு பிள்ளையைத் தொலைத்துவிட்டு வந்தவர் போல இருந்தார்.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"எத்த தேடிகினு போனே அண்ணாத்தே, இம்மாந் தூரம்?"

"நம்ம வண்டி ஒண்ணு காணோம்."

"எது, ஆவடியாண்ட நிக்குதே, அதுவா?"

நான் தலையைத் தூக்கினேன்.

"என்ன சொல்றீங்கக்கா?"

"ஒத்த வண்டி. நீலக் கலரு, மஞ்சக் கோடு. ஆவடி ஸ்டேசனுக்கு முன்னாடி, ஓரமா ஒரு லைன்ல நின்னுகினு கீது. பத்து பாஞ்சு நாளா தெனம் பாத்துகினுதான் வரேன்."

"ஏன்க்கா சொல்லல?"

"நீங்கதான் நிறுத்தி வெச்சிகீறீங்கன்னு நெனச்சேன். என்னாண்ட யாரு கேட்டீங்க?"

அது உண்மைதான். அலுவலகத்தில் பல நாளாக வேறு பேச்சே இல்லை. ஆனால் பேசியது எல்லாம் எங்களுடைய அரைகுறை ஆங்கிலத்தில், கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு. நானோ வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறவள். அந்த லைனை ஒருநாளும் பார்த்ததில்லை.

முதலாளியின் காரில் மூவரும் போனோம். அனுமதி வாங்கி உள்ளே நடக்க ஒரு மணி நேரமாயிற்று. புல் முளைத்த ஓரத் தண்டவாளத்தில் தனியாக நின்றது எங்கள் நீல வேகன். முதலாளி கிட்டே போய், மாட்டைத் தட்டுவது போல அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

நான் போனில் என் கடிதத்தைத் திறந்து, வேகனில் எழுதியிருந்த எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டேன். எட்டாவது இலக்கத்தில் நின்றுவிட்டேன். நான்கு ஏழு என்று இருக்க வேண்டியதை ஏழு நான்கு என்று எழுதியிருந்தேன். அந்த ஸ்டேஷன்காரர்கள் வேகன் மேல் எழுதியிருந்த ஊரைப் பார்த்துச் சரியாகத்தான் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். காகிதத்தில் மட்டும் என் தப்பான எண் ஏறிவிட்டது. அதனால் சரியான எண் கணினியில் நகரவே இல்லை. இங்கே வந்து சேர்ந்த வண்டியைக் கேட்டு யாரும் வரவில்லை. ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவருடைய கறுத்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"சார், தப்பு என்னோடது" என்று போனை நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். நீண்ட நேரம் படித்தார். "நாலு நாளு வெயில்ல சுத்துனேன்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அக்காதான் குறுக்கே வந்தாள்.

"அண்ணாத்தே, லாரி காலத்துல திருவள்ளூருக்குப் போற லோடை நீ திருவண்ணாமலைக்கு அனுப்புனியே, மறந்துட்டியா? அன்னிக்கி நான் எதுனா சொன்னேனா?"

முதலாளி அவளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கட்டிய தொண்டையோடு சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அக்கா முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அத்த எதுக்கு இந்தப் பொண்ணாண்ட சொல்றே?" என்று அவளைக் கேட்டார், இருமலுக்கு நடுவில்.

வேலை போய்விடும் என்று அன்று முழுவதும் பயந்துகொண்டிருந்தேன். போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு அறையில் கூடுதலாக ஒரு நாற்காலி போட்டிருந்தது. அக்காவை அதில் உட்காரச் சொன்னார் முதலாளி. கூட்டமும் அன்று முதல் தமிழில் நடக்கிறது. நான் எந்தக் கடிதம் எழுதினாலும் எண்ணை உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் பட்டியலைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கமும் வந்தது. இப்போது எங்களிடம் நான்கு ரேக்குகள் ஓடுகின்றன. அலுவலகம் அதே டயர் கடைக்கு மேலேதான், ஒரு மாடி மட்டும் கூடியிருக்கிறது.

வண்டியைக் கண்டுபிடித்ததற்கு என்ன வேண்டும் என்று முதலாளி கேட்டபோது அக்கா யோசிக்கவே இல்லை.

"ஃபஸ்ட் கிளாஸ் சீசன் டிக்கெட் எடுத்துக் குடு. ஜன்னலாண்ட குந்திகினு பாத்துகினே வரேன்."

எடுத்துக் கொடுத்தோம். புதுப் புடவை கட்டிக்கொண்டு இரண்டு நாள் அதில் வந்தாள். மூன்றாம் நாள் பழையபடி பெண்கள் பெட்டியிலேயே வந்து இறங்கினாள்.

"என்னக்கா, பிடிக்கலையா?"

"யாருமே பேச மாட்டேங்கறாங்கமா. அல்லாரும் காதுல ஒயர சொருவிகினு குந்திகீறாங்க. எனக்கு லேடீஸ்தான் சரி. அங்க அல்லாராண்டயும் சொல்லி வெச்சிட்டேன், நீல வண்டி கண்டா சொல்லுங்கடின்னு."

சொல்லித்தான் வைத்திருக்கிறாள், என் போன் நம்பரையும் கொடுத்து. பூக்காரி ஒருத்தி, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, ஏற்றுமதிக் கம்பெனியில் தைக்கும் பெண்கள் நாலைந்து பேர். யாரிடமிருந்தாவது எனக்குப் போன் வரும். நேற்று காலையிலும் வந்தது. "யக்கா, உங்க வண்டி வில்லிவாக்கம் தாண்டிப் போவுது, எண்ணிப் பாத்தேன், அல்லாம் கீது" என்றது ஒரு குரல். யாரென்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.