வாடைக் காற்றில் அண்ணாவை அனுப்பினேன்

வாடைக்காலத்தில் அண்ணா புறாத்தீவுக்குப் போட் விடுவதே இல்லை. அந்த மார்கழியில் மட்டும் போனார். நான் கேட்டதால் போனார்.

நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பில் வேலை செய்கிறேன். தீவைப் பார்க்காமல் போகமாட்டோம் என்று ஒரு தம்பதி அடம்பிடித்தார்கள். மனேஜரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசையில் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஏலாது தங்கச்சி. காத்து எழும்பினா திரும்பி வரேலாது."

"இப்ப கடல் அமைதிதானே. எனக்காக ஒருக்கா, அண்ணா."

மதியம் காற்று எழும்பியது. திரும்பும் வழியில் போட் கவிழ்ந்தது. மிதவை அங்கி போட்டிருந்த தம்பதியை வேறு மீனவர்கள் காப்பாற்றினார்கள். அண்ணாவின் உடல் மூன்றாம் நாள் சல்லி என்ற ஊரின் கரையில் ஒதுங்கியது.

"பிடிவாதத்தில போனவர்" என்றே அண்ணி எல்லோரிடமும் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. மூன்று வருடங்கள் அப்படியே போயின.

போன மார்கழியில், திவசத்தன்று, அண்ணாவின் மகள் படத்துக்குப் பூ வைக்க மறுத்தாள். "அப்பா எங்களை நினைக்கேல்லைத்தானே?" என்றாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. குசினிக்குள் போய், சமைத்துக்கொண்டிருந்த அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணி திட்டவில்லை. "அவர் முதல்ல ஏலாதெண்டு சொன்னவரோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அண்ணி."

"அப்ப எங்களை நினைச்சவர்" என்று நிலத்தில் உட்கார்ந்து அழுதார். அழுதபடியே மகளைக் கூப்பிட்டார்.

என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அண்ணாவைக் கொண்டுபோனது காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் பிள்ளைக்கு அவரை மூன்று வருடம் இல்லாமல் செய்தது திறக்காத என் வாய்தான்.