வெள்ளிக்கிழமை ஜெபத்தில் சொல்ல முடியாமல் போன விண்ணப்பம்

ஜெபக் கூட்டத்தில் உட்கார்ந்தும் வாய் திறக்க முடியாமல் தவித்திருக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைதான் எங்கள் ஊர். என் கணவருக்குக் காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் போடும் வேலை. 2006, ஆடி மாதம். எங்கள் மகன் சாமுவேலுக்கு ஒன்பது வயது. அவன் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது. அவன் அக்காவின் எலும்பு மஜ்ஜையை ஏற்றினால் பிழைக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆனால் அதற்கு முன் கொடுக்கும் மருந்து, பிற்காலத்தில் அவனுக்குப் பிள்ளை இல்லாமல் செய்துவிடுமாம். வயதுக்கு வராத பையன், விந்து எடுத்து வைக்கவும் வழியில்லை. விரையில் சிறு துண்டு வெட்டி உறைய வைக்கலாம், பெரியவனானதும் திரும்ப வைத்துத் தைக்கலாம் என்றார் டாக்டரம்மா. "இது இன்னும் சோதனைதாம்மா. பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

என் கணவர் எழுந்துவிட்டார். "ஊசி குத்துனாலே ரத்தம் நிக்க மாட்டுது. அங்க போய் கத்தி வெக்கணுமா? உசுரு நின்னா போதும்மா."

அவர் சொன்னதும் நியாயம்தான். எனக்கோ இரண்டும் வேண்டும். பேராசைக்காரி என்று என்னையே திட்டிக்கொண்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். எங்கள் சபையில் அவரவர் விண்ணப்பத்தை எழுந்து நின்று சொல்ல வேண்டும். வழக்கம்போல் முதல் விண்ணப்பம், பிள்ளையில்லாத பாஸ்டரம்மாவின் கர்ப்பத்துக்காக. பாவம், தலை குனிந்தே இருப்பார். என் முறை வந்தது. விரை என்று எந்த வாயால் சொல்வது? "சொல்ல முடியாத விண்ணப்பம்" என்று உட்கார்ந்துவிட்டேன். புருஷன் குடிக்கிறான் போல என்று பின்னால் முணுமுணுத்தார்கள். ஆண்டவர் என்னைக் கைவிட்டார் என்றே நினைத்தேன்.

அன்று சாயங்காலம் பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் வீட்டுக்கே வந்தார்கள். எல்லாவற்றையும் கொட்டினேன்.  பாஸ்டர் என் கணவர் பக்கம் திரும்பினார்.

"வாலிப வயசுல எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, வெரைக்கு எறங்கிடுச்சுபா. கொற எங்கிட்டதான். இவ வாய மூடிக்கினு எம்பேர காப்பாத்துறா. எனக்கு அப்ப இப்பிடி ஒரு வழி இருந்திருந்தா, எங்கப்பா வேணாம்னு சொல்லியிருப்பாரா?"

பாஸ்டரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என் கணவர் பாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி பாஸ்டர், பண்ணிடலாம்" என்றார்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே நான் கேட்டது ஒன்றுதான். ஆண்டவரே, ரத்தம் நிற்கட்டும். நின்றது. அப்புறம் மஜ்ஜையும் பிடித்தது. அவருக்கே ஸ்தோத்திரம்.

பின்பு ஒரு வெள்ளிக்கிழமை, பாஸ்டர் தம் குறையைத் தாமே சபை நடுவே சொன்னார். அன்று பாஸ்டரம்மா தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது; இன்று சாமுவேல் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறான். அந்தத் துண்டு உறைந்து காத்திருக்கிறது. பலிக்குமா, தெரியாது. அந்தப் பயம் இன்னும் என்னை விடவில்லை. ஆனால் இப்போது வெள்ளிக்கிழமைகளில் எழுந்து நின்று, உள்ளதை உள்ளபடி பெயர் சொல்லியே கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். உங்களைப் போலவே வாயை மூடிக்கொண்டு இன்னொருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.